ஏழாவது சனிக்கிழமையின் தட்டு

அக்கா,

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அது போதும்.

நேற்று மாலை ஒரு முழு பிரெட்டைப் பிய்த்து, பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். இன்று காலை கதவைத் திறந்ததும் பட்டைத்தூள் வாசனை முகத்தில் அடித்தது. குளிர்ந்த பாலில் கிடந்த பட்டையின் வாசனை வேறு. அதில் கொஞ்சம் மருந்துக்கடை கலந்திருக்கும். நீ முதல் தடவை முகர்ந்துவிட்டு, "இன்னாடா இது, இருமல் மருந்து ஊத்தினியா?" என்று கேட்டாய். அந்தக் குரல் அப்படியே காதில் விழுந்தது. தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

இறந்துபோனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருக்கிறவனைப் பதினோரு வருடம் குறை சொன்னார்களே, அது மட்டும் கூடுமா? போன மாதம் உன் தலைத்திவசம் முடிந்ததாம். புத்தூர் பஸ்ஸில் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நீ ஏம்பா வர்ல?" என்று அவர் கேட்டார். கூப்பிட்டால்தானே வருவதற்கு. கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஒருவனுக்கும் உன் வீட்டு வாசலில் இடமில்லை. அதற்குக் காரணம் ஒரு தட்டு பிரெட். அந்தத் தட்டில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ போய்விட்டாய். இனி எழுதினால்தான் உண்டு.

இந்தப் பலகாரம் எனக்கு ஓட்டல் வேலையில் கிடைத்தது. அப்போது திருப்பதியில் ஒரு ஓட்டலின் காலைச் சமையலறை என் பொறுப்பில் இருந்தது. மலையில் தரிசனம் முடித்து இறங்குகிறவர்களுக்கு இந்த நேரம் என்று கிடையாது. விடியுமுன் ஒரு வண்டி வந்து நிற்கும், அடுத்த அரைமணியில் முப்பது பேர் வந்து இறங்குவார்கள், எல்லாருக்கும் அந்த நிமிடமே பசிக்கும். கல்லில் ஒவ்வொரு துண்டாகப் பிரெட்டைப் புரட்டிப் போட்டால் மாளாது. அதனால் முந்தின நாள் மாலையே பெரிய தட்டுகளில் வெண்ணெய் தடவி, பிரெட்டைப் பிய்த்துப் பரப்பி, பால், முட்டை, சர்க்கரை, பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் அடித்து ஊற்றி வைத்துவிடுவோம். காலையில் ஓவனுக்குள் தள்ளினால் முக்கால் மணியில் மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. மெனுவில் அதற்கு பேக்டு ஃப்ரெஞ்ச் டோஸ்ட் கேசரோல் என்று பெயர் போட்டிருந்தார்கள். நீ அதற்கு வைத்த பெயர் ஊறவெச்ச பிரெட்டு. உன் பெயர்தான் சரியான பெயர்.

முட்டை சாப்பிடாதவர்களுக்காக, கஸ்டர்டு மாவும் கெட்டிப் பாலும் வைத்து அதையே செய்கிற வழியை நான்கு மாதம் தட்டுத் தட்டாகப் பாழாக்கிக் கண்டுபிடித்தவன் நான். பாராட்டு பெங்களூரிலிருந்து வந்த தலைமைச் சமையல்காரருக்குப் போனது. அதையும் நான் மறக்கவில்லை. உன்னிடம் வந்து புலம்பினேன். நீ கீரை ஆய்ந்துகொண்டே, "உனக்கு உள்ள கீறது மனசாடா, ரெஜிஸ்டர் ஆபீஸா? ஒண்ணு வுடாம பதிஞ்சி வெச்சிக்கினு கீற" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா, பதிந்து வைக்கிறவன் ஒருவன் இருப்பதால்தான் நடந்தது நடந்ததாக இருக்கிறது.

கஸ்டர்டு வகையில் ஒரு சிக்கல் உண்டு. உனக்கு அதைப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். முட்டை போட்டது ஒரு மணி நேரம் ஊறினால்கூடப் பிடித்துக்கொள்ளும். கஸ்டர்டு போட்டது பத்து மணி நேரமாவது ஊற வேண்டும். அவசரப்பட்டு ஓவனில் வைத்தால் நடுவில் கஞ்சியாக நிற்கும், கரண்டியில் அள்ளித்தான் சாப்பிட வேண்டும். இதை இங்கே எழுதுவது சமையல் குறிப்புக்காக இல்லை. இந்தக் கடிதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நாம் இரண்டு பேரும் கார்வேட்டிநகரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். என்னைவிட நீ நன்றாகப் படித்தாய். கணக்கில் நான் தடுமாறும்போது உன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். நீ பத்தாவது முடித்ததும் இரண்டு பேரையும் மேலே படிக்கவைக்க முடியாது என்று நைனா சொன்னபோது, நீ தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவன் போவட்டும் நைனா, நான் வூட்ல இருக்கிறேன்" என்றாய். நான் மெட்ராஸ் போனேன், கேட்டரிங் படித்தேன், பிறகு தபாலில் எம்.ஏ.வும் படித்தேன். நீ கல்யாணமாகி சித்தூர் போனாய். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பிற்பாடு நீ சொன்ன இன்னொரு வாக்கியத்தைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இந்தப் பக்கம் சாய்கிறது, ஒரு நாள் அந்தப் பக்கம்.

மாமா ஏழு சனிக்கிழமை விரதம் எடுத்தார். மகள் லாவண்யாவுக்கு மெடிக்கல் சீட் கிடைக்க வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டுதல். சனிக்கிழமைகளில் அரிசிச் சோறு கிடையாது, இட்லி தோசையும் அரிசிதான் என்பதால் அதுவும் கிடையாது. ஒருவேளை பலகாரம் மட்டும். ஏழாவது சனிக்கிழமை திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்து மலையேறி முடிப்பது. மாமாவின் பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆறு வாரமும் உப்புமாவும் சப்பாத்தியும் கிளறித் தேய்த்தது யார்? ஆறாவது வாரம் நான் வந்திருந்தபோது மாமா தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னொரு வாரம் உப்புமா போட்டே, நான் தட்டைத் தூக்கிக்கினு ரோட்டுக்குப் போய்டுவேன். ஆபீஸ்ல நாலு பேரு வேற வராங்கோ என்கூட. அவங்களுக்கும் இத்தையே போட்டு மானத்த வாங்கப் போறியா?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சீட்டு ரேங்க்ல வரும் மாமா. சனிக்கிழமைல வராது" என்றேன்.

பேப்பரை மடித்து வைத்தார். "படிச்சவன் பேசற பேச்சா இது?"

"படிச்சதாலதான் மாமா பேசறேன்."

நீ என் முழங்கையைக் கிள்ளினாய். வாசல்வரை வந்து, "ஏன்டா எரியிறதுல எண்ணெய ஊத்தற? நீ பாட்டுக்கும் பஸ் ஏறிப் போய்டுவ. வூட்ல நான்தானே கீறேன்" என்றாய். நான் சொன்னது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு எதிராகத் திரும்பும் என்று மட்டும் அன்று தெரியவில்லை. வாசலில் வைத்துத்தான் நீ கேட்டாய்: "அந்த ஊறவெச்ச பிரெட்டு, முட்ட இல்லாம பண்ணுவியே, அத்தப் பண்ணிக் குடுடா அடுத்த வாரம். அரிசியும் இல்ல, உப்புமாவும் இல்ல. விடியக்காலைல ஓவன்ல வெச்சா வேல முடிஞ்சிடும்."

அடுத்த வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வந்தேன். முந்தின நாள் பிரெட் மூன்று பாக்கெட் என் பையில். புது பிரெட் குழைந்துவிடும் என்று தெரிந்தும் நீ கடையில் போய்ப் புதிதாக இரண்டு வாங்கி வைத்திருந்தாய். அதற்கு ஒரு சண்டை. பிறகு இரண்டு தட்டு செய்வதென்று முடிவானது. அப்பாவோடு சேர்ந்து ஆறு வாரம் உப்புமா தின்ற லாவண்யாவுக்கு வெள்ளிக்கிழமை மாலையே முட்டை போட்ட ஒரு தட்டு. உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறிதான் கிடையாது, முட்டைக்குத் தடை இல்லை. சனிக்கிழமை இரண்டும் இல்லை. எனவே மாமாவுக்கும் அவர் ஆட்களுக்கும் சனிக்கிழமை விடிகாலைக்குக் கஸ்டர்டு போட்ட தட்டு.

நீ பிரெட்டைப் பிய்த்தாய், நான் பாலை அடித்தேன். அரை மணி நேரம் நாம் பழையபடி இருந்தோம். நைனா பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டையை நீ நடித்துக் காட்டினாய். நான் சிரித்த சிரிப்பில் பால் சிந்தியது. "சிந்திக்கினே இருந்தா இன்னாடா சமையல்காரன் நீ?" என்று துணியை என் மேல் வீசினாய்.

ஊற்றி முடித்தபோது நீதான் கேட்டாய். "டேய், ரெண்டும் மஞ்சளாத்தானே கீது. எது எதுன்னு எப்டித் தெரியும்?"

"அதுக்குத்தான் தட்டு வேற. கண்ணாடித் தட்டு முட்டை, அது இன்னிக்கி சாயங்காலம். அலுமினியத் தட்டு கஸ்டர்டு, அது நாளைக்கி. திருப்பிச் சொல்லு."

"ஐய, நான் இன்னா ஒண்ணாங் கிளாஸா?"

"சொல்லுக்கா."

"கண்ணாடி இன்னிக்கி, அலுமினியம் நாளைக்கி. போதுமா சாரே?"

மறுநாள் காலை எனக்கு ஓட்டலில் வேலை. சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்குத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை விடிகாலை. ஓவன் சூட்டில் நின்று முதல் தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாமா. அந்தப் பக்கம் பல குரல்கள் கேட்டன. ஒருவர் தெலுங்கில், "குட்டு வாசன ஒஸ்துந்தண்டி, நேனு தினனு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முட்டை வாசனை வருகிறது, எனக்கு வேண்டாம் என்று. ஆயுளில் முட்டையைத் தொடாத மனிதர். அவர் மூக்கை ஏமாற்ற முடியாது. மாமாவோ அதற்குள் இரண்டு துண்டு சாப்பிட்டு முடித்திருந்தார்.

"நீ பண்ணி வெச்சியே தட்டு, அதுல முட்ட போட்டியா?"

"எந்தத் தட்டு மாமா?"

"இதோ எதுருல கீதே, கண்ணாடித் தட்டு. போட்டியா, இல்லியா?"

நான் பதில் சொல்லும் முன்பே உன் குரல் கேட்டது. தொலைவிலிருந்து, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக: "எனக்கு இன்னா தெரியும்? தம்பிதான் நேத்து செஞ்சி வெச்சிட்டுப் போனான். இதுதான் நாளைக்கின்னு அவன்தான் சொன்னான்."

அந்த வாக்கியம்தான் அக்கா. அதைத்தான் பதினோரு வருடமாகச் சுமக்கிறேன். முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி பொய். நான் என்ன சொல்லியிருக்கலாம் என்பதைப் பிறகு ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில், நான்கு வேற்றாட்கள் முன்னால் மாமா உன்னை என்ன செய்வார் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. "போட்டேன் மாமா" என்றேன். பொய் இல்லை. கண்ணாடித் தட்டில் முட்டை போட்டவன் நான்தான்.

"வேணும்னே பண்ணியிருக்கிற. போன வாரமே பேசினியே. உன் படிப்ப எம் பொண்ணு தலையில காட்டிட்டியேடா" என்றார். போனை வைத்துவிட்டார். ஓவனுக்குள் இரண்டாவது தட்டு கருகியதை யாரோ வந்து சொன்னார்கள்.

திங்கட்கிழமை நீ கூப்பிட்டாய், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து. அழுதாய். "தப்பு என்னுதுடா. வெள்ளிக்கெழம அவசரத்துல முன்னால இருந்த தட்ட எடுத்து வெச்சிட்டேன். லாவண்யா துன்னப்புறம் தண்ணி எடுக்கப் போனா, ஃப்ரிட்ஜில கண்ணாடித் தட்டு குந்திக்கினு கீது. அப்பவே தெரிஞ்சிப்போச்சி."

"அப்பவே தெரிஞ்சிதா? பின்ன ஏன்க்கா காலைல அத்த வெச்ச?"

"வேற இன்னா வெக்கிறது? மறுபடியும் உப்புமாவா? பயந்துட்டேன்டா. யாருக்குத் தெரியப்போவுதுன்னு வெச்சிட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாய்.

"நான் இருக்கிற வரிக்கும் யாருக்கும் சொல்லாதடா. லாவண்யாவுக்குக்கூட. என்ன வூட்ட வுட்டு ஓட்டிடுவாரு."

"சரிக்கா" என்றேன்.

தட்டு மாறியதற்காக உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அன்று மாலை முன்னால் இருந்த தட்டை நானும் எடுத்திருப்பேன். ஓட்டலில் நான் மாற்றாத தட்டா? இரவெல்லாம் தெரிந்துகொண்டே இருந்து, விடிந்ததும் ஓவனைப் பற்றவைத்தாயே, அதையும்கூட மன்னித்துவிட்டேன். பயம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். மன்னிக்காதது ஒன்றுதான். நீ என்னை அங்கேயே விட்டுவிட்டாய். ஒரு வருடம் கழித்துச் சொல்லியிருக்கலாம். மாமாவுக்குக் கோபம் ஆறிய ஒரு நாளில், ஒரு பண்டிகையில், அவர் நல்ல மனநிலையில் காப்பி குடிக்கும் ஒரு காலையில். அப்படி ஒரு காலைகூடவா நீ இருந்த பத்து வருடத்தில் வரவில்லை?

சீட் கிடைக்கவில்லை. ரேங்க் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் உங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். ஏழாவது வாரத்தைத் தாய்மாமன் கெடுத்தான். லாவண்யா பார்மசி படித்தாள், நன்றாகத்தான் படித்தாள். அவள் கல்யாணத்தில் தாய்மாமன் மணையில் மாமாவின் சித்தப்பா மகன் உட்கார்ந்தார். மாலையும் பட்டமும் அவருக்கு. அன்று நான் ஓட்டலில் இருநூறு பேருக்குக் காலைப் பலகாரம் போட்டேன். நீ மணையருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அங்கேயாவது வாய் திறக்கத் தோன்றவில்லையா?

நீ திருப்பதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாமா டீ குடிக்கக் கீழே போகும் நேரம் பார்த்து வந்தேன். ஒரு திருடனைப் போல. நீ பாதியாக இளைத்திருந்தாய். என் விரலைப் பிடித்துக்கொண்டாய். நான் கேட்டேன், வெட்கம் விட்டுக் கேட்டேன்: "மாமாகிட்ட சொல்லேன்க்கா. லாவண்யாகிட்டயாவது." நீ ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னிமே இன்னாத்துக்குடா?" என்றாய்.

இன்னாத்துக்கு என்று கேட்டாய். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ போன அன்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. கேள்விப்பட்டு ஓடிவந்தேன். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு உள்ளே நுழைந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உன் மேல் ஏற்கெனவே ஒரு கோடி கிடந்தது. என் இடத்தில் வேறொருவரைப் போடச் சொல்லியிருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அதன் மேலேயே என் புடவையை விரித்தேன். மாமா, "இன்னா பண்றான் இவன்?" என்று எழுந்தார். "எங்கக்காவுக்கு என் புடவை. எடுக்கறதுன்னா நீங்களே எடுங்க" என்றேன். பிணத்தின் மேலிருந்து புடவையை இழுக்க அவருக்கும் கை வரவில்லை. நீ என் புடவையோடுதான் போனாய். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

அப்படியே விட்டிருப்பேனோ என்னவோ. மூன்று நாளுக்கு முன்னால் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன்.

"மாமா, நான் லாவண்யா பேசறேன்."

குரல் உன் குரல். உட்கார்ந்துவிட்டேன். அவள் கணவனுக்குச் சித்தூருக்கு வேலை மாற்றல் ஆகியிருக்கிறதாம், உன் வீட்டிலேயே வந்து இருக்கிறார்களாம். அவள் பிள்ளை உன் ஊறவெச்ச பிரெட்டைக் கேட்டு அடம் பிடிக்கிறானாம். "அம்மா மாசத்துக்கு ஒருவாட்டி பண்ணுவாங்கோ மாமா, நைனா ஊருக்குப் போற நாளாப் பாத்து. நோட்டுல எழுதி வெச்சிருக்காங்கோ, பால் எவ்ளோன்னு மட்டும் எழுதல."

நீ அதைச் செய்துகொண்டிருந்தாய். என் பெயரை யாரும் சொல்லாத வீட்டில், என் தட்டை எடுத்து, என் அளவில், மாதம் ஒரு முறை. கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷமா எரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பிரெட்டுக்கு ஆறு முட்டை, அரை லிட்டரும் ஒரு தம்ளரும் பால் என்று சொன்னேன். அழுத்திவிட்டு ஊறவைக்கச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சிக்கக் கூடாது. அன்னிக்கி ஏன் அப்டிப் பண்ணீங்கோ? நைனா மேல கோவம்னா என்கிட்ட ஏன் காட்டினீங்கோ?"

போனைக் காது மாற்றிப் பிடித்தேன். அவளே தொடர்ந்தாள், சும்மா பேச்சை மாற்றுவதற்காக: "எனக்குன்னு பண்ணதுகூட நல்லால்ல மாமா அன்னிக்கி. நடுவுல கஞ்சி மாதிரி இருந்துச்சி. கரண்டில அள்ளித் துன்னேன். அதுக்கப்புறம் அம்மா பண்ணது ஒருநாளும் அப்டி ஆவல."

அக்கா, அவளிடமே இருக்கிறது. இத்தனை வருடமும் அந்தப் பெண்ணின் நாக்கிலேயே இருந்திருக்கிறது. அவளுக்கு வைத்தது முட்டைத் தட்டு என்றால் இரண்டு மணி நேரத்தில் பிடித்திருக்கும். கஞ்சியாக நின்றது கஸ்டர்டு தட்டு. வெள்ளிக்கிழமை மாலையே தட்டு மாறிவிட்டது. அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் இருந்தேன். இவ்வளவும் அவளிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். "அடுப்புல பால் வெச்சிருக்கிறேன்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உன் மகளிடம், "உங்கம்மா பொய் சொன்னாள்" என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். அவள் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நீ கற்றுக்கொடுத்ததுதான்.

என் மனைவி, "போனவங்க பேரைக் கெடுத்து உங்களுக்கு இன்னா வரப்போவுது?" என்கிறாள். ஒன்றும் வராது. நடந்த கல்யாணம் திரும்ப நடக்காது. மாமா என்னைக் கட்டிப்பிடிக்கப் போவதில்லை, கட்டிப்பிடிக்க வந்தாலும் நான் நிற்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண் என்னைப் பற்றி, அவள் வாழ்க்கையில் வேண்டுமென்றே கைவைத்தவன் என்று நினைத்துக்கொண்டு இனி ஒரு தட்டுகூடச் செய்யக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உனக்காகக்கூட.

வாக்கு மீறுகிறேன் என்று சொல்லாதே. நான் இருக்கிற வரைக்கும் என்று கேட்டாய். நீ இருந்த வரைக்கும் சொல்லவில்லை. அதற்கு மேலும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறேன். உன் பயம் எனக்குப் புரிகிறது, அதையும் இங்கே எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் அதையும் சேர்த்துப் படிக்கட்டும். நீ கெட்டவள் என்று இதில் எங்கேயும் இல்லை. பத்தாவதோடு நின்று எனக்கு வழிவிட்டவள் என்றும் இருக்கிறது. என் கோபமும் இருக்கிறது. மூன்றும் ஒரே ஆளைப் பற்றியவைதான்.

இதை மடிப்பதற்கு முன்பே உறையை எழுதிவிட்டேன். உன் பெயர், சித்தூர் வீட்டு விலாசம். அனுப்புநர் என்று எழுதிப் பேனாவை நிறுத்தினேன். அந்த வீட்டுக்கு நான் அனுப்பிய எதுவும் வாசல் தாண்டியதில்லை. லாவண்யா கல்யாணத்துக்கு அனுப்பிய பட்டுப்புடவையே, பெற மறுத்தார் என்று தபால்காரர் எழுதிய குறிப்போடு எனக்குத் திரும்பி வந்தது. என் பெயரைப் பார்த்தால் மாமா இதையும் அப்படித்தான் திருப்புவார். உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால், அனுப்பியவன் யார் என்று தெரியாவிட்டால், பிரிக்காமல் இருக்க அந்த வீட்டில் யாராலும் முடியாது.

அனுப்புநர் என்ற சொல்லை அடித்துவிட்டேன். உள்ளேயும் கையெழுத்துப் போடப் போவதில்லை. யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகாது, நன்றாகத் தெரியும். ஆனால் அது தெரிவதற்குள் உறையைப் பிரித்துப் படிக்கத் தொடங்கியிருப்பார்கள்.